வெளியே யார் இருக்கிறார்கள்?

எங்கள் வேனுக்காக வாங்கிய ஜெனரேட்டரின் மேல் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் இரண்டு படங்கள். முதலாவதில் வீட்டுக்குள் ஓர் இயந்திரம், அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. இரண்டாவதில் அதே இயந்திரம் வெட்டவெளியில் நிற்கிறது, பக்கத்தில் ஒரு டிக். உள்ளே வைக்காதே, வெளியே வை. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

அந்த இரண்டாவது படத்தை இப்போதெல்லாம் அடிக்கடி பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதில் வெளியே யாருமே இல்லை. பக்கத்து வீடு இல்லை, காம்பவுண்டுச் சுவர் இல்லை, மாடு இல்லை, மரம்கூட இல்லை. வரைந்தவரின் ஊரில் வெளி என்பது காலி இடம் போலிருக்கிறது. எங்கள் ஊரில் அப்படி இல்லை. திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வெளியே மூன்றடி தள்ளி அக்காவின் வீடு இருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு அந்த மூன்றடியில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

*

வேனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் சேர்ந்து பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, அதைக் கேரவனாக மாற்றும் வேலையில் ஒன்றரை வருடம் இருந்தோம். இரண்டு படுக்கை, சின்ன மேடையில் அடுப்பு, கூரையில் ஃபேன், ஒரு குட்டி ஃபிரிட்ஜ். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. அந்த வீடியோக்களில் திரும்பத் திரும்ப வரும் வாக்குறுதி ஒன்று உண்டு: இந்த வண்டி இருந்தால் நீ யாரையும் நம்பி இருக்க வேண்டாம். லாட்ஜ் வேண்டாம், ஈ.பி. லைன் வேண்டாம், யாரிடமும் போய் "அண்ணே, ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்குமா" என்று நிற்க வேண்டாம். வாரம் முழுவதும் மேனேஜர், கிளையண்ட், டெட்லைன் என்று பிறர் கைக்குள் இருக்கிற என்னைப் போன்றவனுக்கு இதைவிடப் பெரிய கவர்ச்சி என்ன இருக்க முடியும்?

யாரையும் நம்பாமலிருப்பதற்கு நம்ப வேண்டிய பொருள் அந்த ஜெனரேட்டர். சூட்கேஸ் அளவு, இரண்டு கே.வி.ஏ., பெட்ரோலில் ஓடும். முதல் பயணமாகச் செஞ்சிக்கோட்டை, அங்கிருந்து மரக்காணம் உப்பளம் என்று திட்டம். அதற்காக வேனைச் சென்னையிலிருந்து ஓட்டிவந்து அப்பா அம்மா இருக்கும் திண்டிவனம் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன். அப்போதுதான் ஃபெஞ்சல் வந்தது.

அந்தப் புயலை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். புதுச்சேரிக்கு அருகே கரையைத் தொட்டது, பிறகு நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியில் உள்புறமாக இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. வருடம் முழுக்கப் பெய்ய வேண்டியதில் பாதியை ஒரே நாளில் கொட்டிய மாதிரி. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதால் ரயில்கள் நின்றன. சாத்தனூர் அணையைத் திறந்ததும் தென்பெண்ணை கரை மீறியது, அரசூர் பக்கம் நெடுஞ்சாலையே ஆறானது. கரண்ட் சனிக்கிழமையே போய்விட்டது. எப்போது வரும் என்று கேட்க ஃபோனில் சிக்னலும் இல்லை.

எங்கள் தெருவில் அன்று இரவு ஜெனரேட்டர் இருந்த ஒரே ஆள் நான்.

*

மழையில் ஜெனரேட்டரை நனைய விடக்கூடாது, ஷாக் அடிக்கும். வீட்டுக்குள் வைக்கக்கூடாது, ஸ்டிக்கர் சொல்கிறது. ஆகவே எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட இடத்தில் வைத்தேன். சட்டப்படி அது வெளி. மேலே கூரை, இரண்டு பக்கமும் சுவர், ஒரு முனையில் அடைசல், இன்னொரு முனையில் காற்றும் மழையும். இன்ஜினியரிங் படித்தவன் கண்ணுக்கு அது ஒரு குழாய் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. எனக்கு அது "வெளியே" என்ற சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

எதற்காக ஓட்டினேன் என்று என்னிடமே கேட்டால் உடனே வரும் பதில்: அப்பாவின் இன்சுலின், ஃபிரிட்ஜில் இருக்கிறது. நல்ல பதில். ஆனால் உண்மையில்லை. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பாட்டில் சாதாரண அறை வெப்பத்தில் பல நாட்கள் தாங்கும், அன்று குளிர்வேறு. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்ததால் புழுக்கம், கொசு, ஃபேன் வேண்டும். திங்கட்கிழமை ஒரு ரிலீஸ் இருந்தது, லேப்டாப் சார்ஜ் வேண்டும். அப்புறம், இதையும் சொல்லிவிடலாம், ஒன்றரை வருடம் கனவு கண்ட பொருளுக்கு முதல்முறையாக வேலை வந்திருக்கிறது என்ற சந்தோஷமும் இருந்தது. தெருவே இருட்டில் கிடக்க என் வீட்டில் வெளிச்சம். அதை அனுபவிக்காதவன் மட்டும் என்னைத் திட்டட்டும்.

தனியாக அனுபவிக்கக் கூச்சமாக இருந்தது. அக்காவைச் சுவருக்கு மேலிருந்து கூப்பிட்டேன். அக்காவின் வீட்டுக்காரர் வெளியூரில் வேலை. வீட்டில் அவரும், மாமியாரும், எட்டாவது படிக்கும் மகனும். மாமியாரைத் தெருவில் எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். "அக்கா, ஒரு லைன் தரேன், ஃபேனும் லைட்டும் போட்டுக்கங்க." அக்கா முதலில் வேண்டாம் என்றார், பிறகு ஆயாவுக்காக ஒத்துக்கொண்டார். எக்ஸ்டென்ஷன் வயரை அவர்களின் பின் அறைக்குள் விடுவதற்கு, சந்தைப் பார்த்த ஜன்னலில் லூவர் கண்ணாடி ஒன்றைக் கழற்றினோம். டார்ச் பிடித்தது பையன், கண்ணாடியைக் கழற்றியது நான்.

எங்கள் பக்கத்து ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன், சத்தம் வருகிறதென்று. பின் கதவிடுக்கில் வயர் வரும் இடத்தில் அம்மாவின் பழைய புடவையைச் சுருட்டி அடைத்தேன், மழைத்தண்ணீர் வருகிறதென்று.

இரவு பத்தரைக்கு ஸ்டார்ட் செய்தேன். டேங்கில் மூன்று லிட்டர் ஊற்றியிருந்தேன். விடியற்காலை நாலு மணி சுமாருக்குப் பெட்ரோல் தீர்ந்து அதுவாகவே நின்றது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

காலையில் அக்கா வயரைச் சுற்றித் திருப்பித் தந்தார். "ராத்திரி நல்லா தூங்குனீங்களாக்கா?" என்றேன். "தூங்குனோம் தம்பி, புண்ணியமாப் போவும்" என்றார். முகம் வெளிறி இருந்தது. புயல் இரவு, யார் முகம்தான் நன்றாக இருந்தது?

*

மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 23 அன்று, கேரளத்தில் வடகரைக்குப் பக்கத்தில் கரிம்பனப்பாலம் என்ற இடத்தில் நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அந்த வண்டியில் வேலை பார்த்தவர்கள். ஓய்வெடுக்க நிறுத்தி, ஏ.சி. போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள். ஏ.சி. ஓடியது வண்டியின் ஜெனரேட்டரில். பிறகு கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்களும் போலீஸும் அதே வண்டியில் அதே மாதிரி ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள். தளத்திலிருந்த ஓட்டை வழியாகப் புகை உள்ளே ஏறியது. இரண்டு மணி நேரத்தில் கார்பன் மோனாக்சைடு 900 பி.பி.எம்.மைத் தாண்டியது.

கேரவன், ஜெனரேட்டர் என்ற இரண்டு சொல்லுக்காகத்தான் அந்தச் செய்தியைத் திறந்தேன். ஓட்டை என்ற சொல்லில் நின்றுவிட்டேன்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல். ஏதோ சாப்பாடு சேரவில்லை என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள். தூக்கத்தில் இருந்தால் அதுவும் நினைக்க வாய்ப்பில்லை. இப்போது கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி இருக்கிறது, இந்தச் சின்ன ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றில் கிடையாது. ஒரு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் விடும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு விடலாம் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. வீட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி வை, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும் என்கிறது. 2020இல் லூசியானாவை லாரா புயல் தாக்கியபோது, காற்றிலும் வெள்ளத்திலும் தப்பித்தவர்கள் பலர் அதன்பிறகு ஜெனரேட்டர் புகையில் செத்தார்கள்.

அன்று மாலையே சென்னையிலிருந்து அக்காவுக்கு ஃபோன் போட்டேன். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். "அன்னிக்கு ராத்திரி யாருக்காவது தலவலி..."

அக்கா சிரித்தார். "அத ஏன் தம்பி இப்ப கேக்கற? மூணு பேருக்கும் தல வெடிச்சிருச்சு. பையன் வாந்தி. ஆயா எழுந்து நிக்க முடியாம சுவத்தப் புடிச்சுது. ஒரு மூணு மணிக்குப் பையன் வந்து உங்க கதவத் தட்டுனானே, நீ எழுந்திரிக்கல. சத்தத்துல கேட்டிருக்காது. அப்புறம் அதுவா நின்னுபோச்சு. கதவத் தொறந்து வச்சுகினு உக்காந்திருந்தோம்."

"காலைல ஏங்க்கா சொல்லல?"

"நீ லைட்டு குடுத்த. அதப்போய் எப்படிச் சொல்றது?"

*

எந்த ரத்தப் பரிசோதனையும் இல்லை. ஆனால் மூன்று பேருக்கும் ஒரே இரவில் அதே அறிகுறிகள் வந்து, இயந்திரம் நின்று கதவு திறந்ததும் குறைந்திருக்கிறது. எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. அவர்களைக் காப்பாற்றியது என் நல்ல மனசு இல்லை, மூன்று லிட்டர் என்ற அளவு. டேங்கை நிரப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். போடவில்லை.

வேறு ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட ஒன்பது யூனிட் ஆற்றல் இருக்கிறது. மூன்று லிட்டருக்கு இருபத்தேழு. அன்று இரவு இரண்டு வீட்டு ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், லேப்டாப் எல்லாம் சேர்ந்து தின்றது இரண்டு, இரண்டரை யூனிட். மீதி பத்தில் ஒன்பது பங்கு சூடாகவும் சத்தமாகவும் புகையாகவும் சந்துக்குள் போனது. அந்த இயந்திரத்தைக் கரண்ட் தயாரிக்கும் பெட்டி என்று சொல்கிறோம். கணக்குப்படி பார்த்தால் அது பெரும்பாலும் பொருள்களை வெளியே தள்ளும் பெட்டி, கரண்ட் அதிலிருந்து கொஞ்சம் கிடைக்கிறது.

என்னைத் தூங்கவிடாதது அக்காவின் கடைசி வாக்கியம். தீங்கும் உதவியும் ஒரே ஓட்டை வழியாகப் போயிருக்கின்றன. கண்ணாடியைக் கழற்றாமல் இருந்திருந்தால், அதாவது நான் சுயநலமாக இருந்திருந்தால், புகை அவ்வளவு போயிருக்காது. அது தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் இன்னொன்று தற்செயல் இல்லை. லைன் கொடுக்காமல் இருந்திருந்தால் அக்கா காலையில் சுவருக்கு மேலிருந்து என்னைக் கிழித்திருப்பார். "ராத்திரி பூரா எந்த எழவ ஓட்டுன நீ?" என்று கேட்டிருப்பார். கேட்டிருந்தால் மறுநாள் இரவு நான் ஓட்டியிருக்க மாட்டேன். (ஓட்டினேன். அன்று அக்கா, "ஆயா வயர் வேணாங்குது தம்பி" என்று நாசூக்காக மறுத்துவிட்டார்.) நான் கொடுத்த வெளிச்சம் அவர் வாயைக் கட்டிவிட்டது. வாங்கிய கை வாயைப் பொத்திக்கொள்ளும். கொடுத்தவன் அதை நன்றி என்று புரிந்துகொள்வான்.

*

பொருளாதாரத்தில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். என் கணக்கில் வராமல் இன்னொருவர் தலையில் விழும் செலவு. இதைப் பேசும் எல்லோரும் ரொனால்ட் கோஸ் 1960இல் எழுதிய கட்டுரைக்கு வந்து சேர்வார்கள். அதில் அவர் 1879ஆம் வருடத்து லண்டன் வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறார். ஒரு மிட்டாய்க்காரர் பல வருடங்களாக உரல் வைத்து இடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்கு வந்த டாக்டர் தோட்டத்துக் கடைசியில் நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டுகிறார். இடிக்கிற சத்தத்தில் நெஞ்சொலி கேட்கவில்லை. வழக்கில் டாக்டர் ஜெயித்தார். கோஸ் கேட்டது வேறு கேள்வி. மிட்டாய்க்காரர் டாக்டருக்குத் தொல்லை என்றால், அவரை நிறுத்துவது மிட்டாய்க்காரருக்குத் தொல்லை. தீங்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. பேரம் பேசச் செலவில்லை என்றால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, யாருக்கு எது அதிகம் மதிப்போ அதன்படி முடித்துக்கொள்வார்கள்.

கோஸை நான் கல்லூரியில் படித்தபோது ரொம்பப் பிடித்தது. உணர்ச்சிவசப்படாத, சுத்தமான யோசனை. இப்போது எங்கள் சந்தில் அதை வைத்துப் பார்க்கிறேன். பேரத்துக்கு இரண்டு பேரும் உட்கார வேண்டும் என்றால், முதலில் தனக்கு என்ன நடக்கிறது என்று அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மணமில்லாத வாயு அதைச் சொல்லாது. இரண்டாவது, அவர் பேசக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். பேரம் பேசச் செலவில்லை என்கிற இடத்தில், கடன்பட்டவர் வாய் திறப்பதற்கு ஆகும் செலவை எந்தக் காலத்தில் எழுதுவது? மூன்றாவது, அவர் தட்டினால் எனக்குக் கேட்க வேண்டும். என் வசதியின் சத்தமே அந்தத் தட்டலை விழுங்கிவிட்டது. மிட்டாய்க்காரர் வழக்கில் சத்தம்தான் புகார். என் வழக்கில் சத்தம் புகாரை அமுக்கிய கை.

கான்ட் பக்கம் போனாலும் முழுப் பதில் கிடைக்கவில்லை. எல்லோரும் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார் என்பார்கள். எங்கள் தெருவில் இருபது வீட்டிலும் ஜெனரேட்டர் ஓடினால் வெளி என்ற ஒன்றே இருக்காது, எல்லோரும் எல்லோருடைய புகையிலும் படுத்திருப்போம். சரிதான். ஆனால் அன்று எல்லோரிடமும் இல்லை, என்னிடம் மட்டும்தான் இருந்தது. கூடவே, நான் செய்தது என் மனசுக்கு விதி மாதிரியே நன்றாக இருந்தது: இருப்பவன் பக்கத்து வீட்டுக்குக் கொடு. இந்த விதியில் யார் தப்பு கண்டுபிடிப்பார்கள்? நோக்கத்தை மட்டும் சோதிக்கிற எந்தப் பரீட்சையிலும் நான் பாஸ். சந்துக்கு வந்து பார்த்தால்தான் ஃபெயில்.

*

விழுப்புரத்தில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். முப்பது வருடமாகக் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர். தேருக்கு முன்னால் லைட் வண்டி, பின்னால் ஜெனரேட்டர் வண்டி என்று இந்த மாவட்டத்தில் அவர் நடக்காத ஊர் குறைவு. பொங்கலுக்குப் போனபோது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"செட்டு எறக்குன ஒடனே நான் இன்னா பண்ணுவேன் தெரியுமா? ஒரு ஊதுவத்தி கொளுத்துவேன். சாமிக்குக் கும்புடுறான்னு நெனப்பாங்க. பொக எந்தாண்ட போவுதுன்னு பாப்பேன். பொக போற பக்கம் நாலு வூட்டுல போய், ராத்திரி செட்டு ஓடும், கொழந்த இருக்கா, ஒடம்பு முடியாதவங்க இருக்காங்களான்னு கேப்பேன். இருந்தா செட்ட மாத்துவேன். கேக்காம வச்சம்னா நடுராத்திரி வந்து கல்லெடுத்து அடிப்பான்."

"யாரும் வரலன்னா மாமா?"

"வரலன்னாதான் பயம்."

இன்னொன்றும் சொன்னார். ஜெனரேட்டர் வயரை நேராக வீட்டு பிளக் பாயிண்டில் சொருகி வீடு முழுக்கக் கரண்ட் ஏற்றுகிறவர்கள் உண்டு. நடுவில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறும். 11,000 வோல்ட்டை வீட்டுக்கு இறக்கித் தருகிற அதே டிரான்ஸ்ஃபார்மர், எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுத்தால் வீட்டுக் கரண்டை 11,000 வோல்ட்டாக ஏற்றும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு அது தெரியாது. ஃபெஞ்சலுக்குப் பிறகு வேறு மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்வாரிய ஆட்கள் வந்து விழுப்புரத்துச் சேற்றில் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் லைன் கொடுத்தது எக்ஸ்டென்ஷன் வயரில் என்பதால் அந்தப் பாவம் மட்டும் இல்லை. அதுவும் தெரிந்து செய்ததல்ல, ஆண்-ஆண் பின் வைத்த வயர் கையில் இல்லாததால்.

மாமா கோஸைப் படித்ததில்லை. அவருடைய தொழிலில் முதல் கேள்வி "எங்கே வைப்பது" என்பதில்லை. "அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்" என்பதுதான். என் ஸ்டிக்கரில் இல்லாத படம் அவர் மனதில் இருக்கிறது.

*

இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர், "ப்ரோ, லித்தியம் பேட்டரியும் சோலார் பேனலும் வாங்கினால் முடிந்தது" என்று சொல்வீர்கள். வாங்கிவிட்டேன். வேனில் இப்போது அதுதான், சத்தமில்லை, புகையில்லை. ஆனால் பிரச்சினை முடிந்ததா என்று எனக்குச் சந்தேகம். ஜெனரேட்டர் தன் அசிங்கத்தை மூன்றடியில் கொட்டியது. அதனால்தான் மூன்று வாரத்திலாவது எனக்குத் தெரிந்தது. சுவரிலிருக்கும் சாதாரண பிளக் பாயிண்ட் இன்னும் தூரத்தில் கொட்டுகிறது.

எங்கள் பக்கத்துக்கு அந்தத் தூரம் ஒன்றும் பெரிதல்ல. விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே நெய்வேலி. அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரியைத் தோண்டி எரித்து நமக்குக் கரண்ட் தருகிற ஊர். 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்ட, பச்சையாக நின்ற நெல்வயலுக்குள் மண்ணள்ளும் இயந்திரங்கள் இறங்கியதை டி.வி.யில் பார்த்தோம். அந்த வாரம் நான் ஏ.சி.யை அணைத்துவிட்டா பார்த்தேன்? அந்த வயல் என் பிளக் பாயிண்டின் சந்து. லித்தியத்துக்கும் எங்கோ ஒரு சந்து இருக்கும். அங்கிருந்து என் கதவைத் தட்ட மூன்று கண்டம் தாண்டி வர வேண்டும்.

இதற்காகக் கரண்ட் வேண்டாம், இருட்டில் இருப்போம் என்று நான் சொல்ல வரவில்லை. நான் இருக்க மாட்டேன், அதைச் சொல்கிறவர்களும் இருப்பதில்லை. ஆயாவுக்கு ஃபேன் வேண்டும், அப்பாவுக்கு ஃபிரிட்ஜ் வேண்டும். எந்த வசதிக்கும் ஒரு புறம் இருக்கும், அந்தப் புறத்தில் எப்போதும் யாராவது இருப்பார்கள். அதை ஒழிக்க முடியாது. என்னால் கேட்க முடிகிற கேள்வி இவ்வளவுதான்: அங்கே இருப்பவரால் என்னிடம் வந்து சொல்ல முடியுமா? சொன்னால் எனக்குக் கேட்குமா? கேட்டால் நிறுத்துவேனா? இந்த மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தால், நான் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் பயனில்லை. கொடுத்துச் சரிக்கட்டவும் முடியாது. கொடுப்பது முதல் கேள்வியின் பதிலையே கெடுத்துவிடுகிறது.

*

திண்டிவனத்துக்காரன் ஒருவன் பயணத்தைப் பற்றி எழுதிவிட்டுக் கிடங்கிலைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. இன்று ஊரோடு சேர்ந்துவிட்ட கிடங்கல்தான் சங்ககால ஓய்மாநாட்டின் கிடங்கில் என்பார்கள். அதன் தலைவன் நல்லியக்கோடனிடம் வழிகாட்டும் பாட்டுதான் சிறுபாணாற்றுப்படை. பள்ளியில் மனப்பாடப் பகுதியாக மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அண்மையில் உரையோடு படித்தபோது ஒன்று கவனித்தேன். அந்தப் பாணன் குடும்பத்தோடு நடந்து வருகிறான். கையில் யாழைத் தவிர ஒன்றுமில்லை. வழியில் எயிற்பட்டினத்தில் பரதவர் சோறு போடுவார்கள், வேலூரில் எயினர் போடுவார்கள், ஆமூரில் உழவர் போடுவார்கள் என்று பாட்டு சொல்லிக்கொண்டே போகிறது. யாரை நம்ப வேண்டும் என்பதுதான் அதில் வரைபடம். என் கேரவன் வீடியோக்களின் வாக்குறுதிக்கு நேரெதிர்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் நம்பவில்லை. புரவலனிடம் வாங்கியவன் புரவலனைப் பற்றி என்ன குறை பாடியிருக்க முடியும்? அக்காவின் மௌனம் அங்கேயும் இருந்திருக்கும். ஆனால் யாரையும் நம்பாத பயணம் என்ற ஒன்று இல்லை என்பதாவது அந்தப் பாணனுக்குத் தெரிந்திருந்தது. நம்புகிறவரின் முகம் தெரியாமல் இருப்பதைத்தான் நான் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெனரேட்டரை விற்கவில்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டு வாங்கினேன். ஒன்று வேனில். மற்றொன்றை அக்காவிடம் கொடுக்கப் போகும்போது கூச்சமாக இருந்தது, இதுவும் ஒரு கொடுத்தல்தானே. நடந்தது என்னவென்று ஆயா முன்னாலேயே முழுதாகச் சொன்னேன். பாட்டரி லைட் மாதிரி இருந்த அந்தப் பெட்டியை ஆயா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கத்துனா உன்ன வந்து அடிக்கலாமா?" என்று கேட்டார். அடிக்கலாம் என்றேன். பின் அறையில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

போன மே மாதம் ஒரு நாள் இரவு கரண்ட் போய் இரண்டு மணி நேரம் வரவில்லை. ஜெனரேட்டரை வாசலுக்கு எடுத்துப்போய், வேனைத் தாண்டி ரோட்டோரம் வைத்து, ஊதுவத்தி கொளுத்திப் பார்த்து, அப்புறம்தான் ஸ்டார்ட் செய்தேன். லைன் வேண்டுமா என்று அக்காவிடம் கேட்டேன், வாங்கிக்கொண்டார். இந்த முறை வாசல் கதவு வழியாக. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, சுவருக்கு மேல் அக்காவின் தலை தெரிந்தது.

"தம்பி, சத்தம் மண்டய ஒடைக்குது. மெஷின இன்னும் கொஞ்சம் அந்தாண்ட தள்ளு."

அந்தாண்ட யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தள்ளினேன்.